நன்றி சொல்லித் துரத்திய மூவர்

டாங்கோ என்ற இணையாட்டத்தைக் கற்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே மூன்று பேரை நன்றி சொல்லித் துரத்திவிட்டேன். மூவரும் என்னைவிட மூத்தவர்கள், பொறுமைசாலிகள், நான் காலை மிதித்தபோதுகூட முகம் சுளிக்காதவர்கள். பாட்டு முடிந்ததும், வீட்டில் சொல்லி வளர்த்த மரியாதைப்படி, ஒவ்வொருவரிடமும் ‘தெரிமா காசே’ என்று மலாயில் நன்றி சொன்னேன். ஒவ்வொருவரும் சற்றே வியப்போடு என்னைப் பார்த்துத் தலையசைத்து, என் நாற்காலி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த பாட்டு ஒலித்தது. மற்ற இணைகள் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஆட, நான் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இது நமக்கு ஒத்துவராது என்று அன்றிரவு கணவரிடம் சொன்னேன். கட்டிய 50 வெள்ளிக்காவது மாதம் முடியும்வரை போய்வா என்று காரை ஓட்டியபடியே அவர் சொல்லிவிட்டார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டாங்கோவா என்று கேட்பவர்களுக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் உள்ள ஊர் எங்களுடையது. ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். நாளெல்லாம் குலைக் கணக்கும் ஆள் கணக்கும் எழுதிவிட்டு, ஒரு சனிக்கிழமை மாலை, தைக்கக் கொடுத்திருந்த இரவிக்கையை வாங்கத் தையற்கடைக்குப் போயிருந்தேன். மேல்மாடியிலிருந்து ஆர்மோனிய ஓசை கேட்டது. யாரோ பஜனைக்குப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று நினைத்துப் படியேறினேன். மேலே சீனர்களும் நம்மவர்களுமாகப் பதினான்கு பேர், ஒருவரை ஒருவர் முன்கையில் பிடித்துக்கொண்டு, பேச்சே இல்லாமல் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள்.

நான் ஆர்மோனியம் என்று நினைத்த கருவியின் பெயர் பண்டோனியோன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் உருவாகி, கிரேஃபெல்டு நகரத்து வணிகர் ஹைன்ரிஹ் பாண்ட் என்பவரின் பெயரைத் தாங்கிக் கடல் கடந்து அர்ஜென்டினாவுக்குப் போன கருவி அது. துருத்திக் காற்றில் உலோக நாக்குகள் அதிர்வதால் எழுவதே இரண்டின் ஓசையும். ஆகவே நம் பஜனை ஆர்மோனியத்துக்கு அதைச் சித்தப்பா மகன் என்று சொன்னால் தவறில்லை. என் காது அன்று முழுவதுமாக ஏமாந்துவிடவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு சிறு பெருமை உண்டு.

திரும்பி இறங்கப் போனவளுக்கு, சந்தையில் காய்கறி விற்கும் ஆண்ட்டி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சீனத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். என்ன வேண்டும், யாரைப் பார்க்க வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, பணி ஓய்வு பெற்ற ஆசிரியையான பயிற்றுநர் அருகே வந்து, நடக்கத் தெரியுமா என்று மட்டும் மலாயில் கேட்டார். தெரியும் என்றேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

நன்றி சொன்ன விவகாரத்தை அடுத்த வாரம் ஆண்ட்டிதான் அவிழ்த்துவிட்டார். டாங்கோ ஆடும் கூடலுக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே பாட்டுகள் தனித்தனியாக ஒலிப்பதில்லை. ஒரே இசைக்குழுவின் பாட்டுகள் நான்கு, சில வேளை மூன்று, ஒரு கட்டாக வரும். அந்தக் கட்டு தாந்தா எனப்படும். ஒரு தாந்தா முழுவதும் ஒரே இணையோடு ஆடிவிட்டு, அது முடிந்ததும் பிரிந்துவிடுவது வழக்கம். முடிந்ததற்கு அடையாளமாக, டாங்கோ அல்லாத வேறொரு பாட்டின் துண்டைச் சிறிது நேரம் ஒலிக்க விடுவார்கள். அதற்குத் திரை என்ற பொருளில் கொர்தீனா என்று பெயர். எங்கள் மாடியில் அது பெரும்பாலும் பழைய மலாய்ப் பாடகர் பி. ரம்லியின் குரல். ஒருமுறை பழைய தமிழ்த் திரைப்பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அது முடியும்வரை யாரும் நாற்காலிக்குத் திரும்பாததால், பயிற்றுநர் அந்தச் சோதனையை அத்தோடு நிறுத்திக்கொண்டார். தாந்தாவின் நடுவில் ஒருவர் நன்றி சொன்னால், ‘உங்களோடு ஆடியது போதும்’ என்று பொருள். நான் மூன்று பெரியவர்களிடமும், ஒரே பாட்டில், அவ்வளவு பணிவாக, போதும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் காரணம் கேட்காமல், கோபித்துக்கொள்ளாமல், நான் கேட்டதாக அவர்கள் நினைத்ததைச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் வரவேற்பு வளைவு இல்லாத விழா கிடையாது. பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் நீட்டுவார்கள். உள்ளே போனபின் எங்கே உட்காரலாம், யாரிடம் பேசலாம், எப்போது எழுந்து போனால் யார் முகம் சுருங்கும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். புதியவர் தாமே தடுமாறித் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாடியிலோ சிரிப்பும் பேச்சும் குறைவு, சந்தனமும் இல்லை. ஆனால் கேட்பதற்கும் மறுப்பதற்கும் விலகுவதற்கும் ஒவ்வொரு வழி இருக்கிறது, அந்த வழி நேற்று வந்தவருக்கும் இருபது ஆண்டுகள் ஆடியவருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. வெட்கப்படாமல் ஓர் இடத்தில் இருக்க எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தவறுகளைத் திருத்தவும் தனி நேரம் உண்டு. பயிற்சிக் கூடலில் நடுவில் நிறுத்தி எது வேண்டுமானாலும் கேட்கலாம். மிலோங்காவில் ஆடும்போது யாரும் யாருக்கும் பாடம் எடுக்கக் கூடாது. அறிவுரைக்குப் பஞ்சமில்லாத குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்த விதி வரமாகவே பட்டது.

ஆட அழைக்கும் முறையில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஆடவர் நேராக வந்து கை நீட்டுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒருவரைப் பார்ப்பார். அவரும் பார்வையைத் திருப்பாமல் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார். பதிலுக்கு மற்றவர் தலையசைத்தால் சம்மதம். விருப்பமில்லாதவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கேட்டவருக்கும் அவமானமில்லை, மறுத்தவருக்கும் சங்கடமில்லை. தலை என்று பொருள்படும் கபேசா என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து இதற்குக் கபெசேயோ என்று பெயர் வந்தது. ஆனால் ஆண்களைக் கண்ணெடுத்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு இது எப்படிக் கைவரும்? அந்த மூவருக்குப் பின் சில வாரங்கள் நான் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, என்னை யாரும் அழைக்கவில்லையே என்று மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டேன்.

பிறகு துணிந்து நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்புறத்தில் இருந்த கடிகாரக்கடை அங்கிள் புருவத்தை உயர்த்தித் தலையசைத்தார். நான் மகிழ்ந்துபோய், நம் வழக்கப்படி, தலையை இடமும் வலமுமாக அழகாக ஆட்டினேன். அவர் முகம் மாறி, மன்னிப்புக் கேட்பதுபோல் கையை உயர்த்திவிட்டு, வேறொருவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நமக்கு ‘சரி’ என்று பொருள்படும் அந்த ஆட்டம் அவருக்கு ‘வேண்டாம்’ என்று பட்டிருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயதில் தலையை மேலும் கீழுமாக அசைக்கக் கண்ணாடி முன் நின்று பழகினேன் என்றால் நம்புவீர்களா?

இனி நடைக்கு வருகிறேன். டாங்கோவில் ஒச்சோ உண்டு. எட்டு என்ற எண்ணைத் தரையில் எழுதுவதுபோல் இடுப்புக்குக் கீழே திரும்பித் திரும்பி வைக்கும் அடி அது. பாதத்தைப் பாதத்தின் குறுக்கே பூட்டும் குருசாதா உண்டு. ஆனால் எங்கள் பயிற்றுநர் முதல் இரண்டு மாதம் நடையைத் தவிர எதையும் தொடவிடவில்லை. ஆடுபவர்களில் ஒருவர் முன்னோக்கி நடக்க, எதிரே இருப்பவர் பெரும்பாலும் பின்னோக்கி நடக்க வேண்டும். பின்னோக்கி நடக்கும் எனக்கு முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்ற அச்சத்தில் குதிகால் முதலில் விழுந்தது, உடல் பின்னால் சாய்ந்தது, இணையாக வந்தவரின் தோளை முழுப் பலத்தோடு பற்றிக்கொண்டேன்.

ஒருநாள் அடுக்களையில் தண்ணீர்க் குடுவையை மேசையில் வைத்துவிட்டு, பின்னடி பழகிக்கொண்டிருந்தேன். எழுபத்து நான்கு வயதான அம்மா வெங்காயம் உரித்தபடி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “குதிகாலை முதல்ல வெச்சா வேர்ல தடுக்கி விழுவேடி,” என்றார். அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இளங்குளிரில் பால் நன்றாக இறங்கும் நேரத்துக்குள், தமக்கு ஒதுக்கிய மர வரிசையான நிறையை முடிக்க ஓடிய தலைமுறை. பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும் கோட்டில் கத்தியை இழுக்கும்போது கை மட்டும் நகர்ந்தால் வெட்டு ஆழமாகிவிடும், மரத்துக்குக் காயமாகும். ஆகவே கத்தியோடு உடலும் மரத்தைச் சுற்றிப் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும் என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல், அடுக்களைத் தூணை மரமாக்கிக் காட்டினார். வலது காலின் பெருவிரல் முதலில் பின்னால் போய்த் தரையைத் தடவியது, அங்கே கல்லோ வேரோ இல்லை என்று உறுதியானபின் பாதத்தின் முன்பகுதி இறங்கியது, கடைசியாகக் குதிகால். அதற்குப் பிறகுதான் உடல் எடை அந்தக் காலுக்கு மாறியது. தோள்கள் சிறிதும் ஆடவில்லை. பயிற்றுநர் எட்டு வாரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அச்சு மாறாமல் இதுதான். மறு சனிக்கிழமை விரலால் தரையைத் தேடிப் பின்னால் நடந்தபோது, கடிகாரக்கடை அங்கிள் ஆட்டத்தின் நடுவில் பேசக்கூடாது என்பதையும் மறந்து ‘பாகுஸ்’, நன்று, என்றார்.

பால்மரத்து ஊரில் பிறந்தும், ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி இந்த ஆட்டத்துக்கு உதவாது என்பதையும் இங்கேதான் கற்றேன். அது தரையைக் கவ்விக்கொள்ளும்; உடல் திரும்பினாலும் பாதம் திரும்பாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். கடைகளின் முன்நடையான அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் என் பழைய பாட்டா காலணியைக் கொடுத்து, அடியில் மெதுதோல் ஒட்டச் சொன்னேன். மழையில் ஒரு நாள் தாங்காது அக்கா என்றார். மழையில் போடமாட்டேன் என்றேன். பிறகு வேறு எங்கே போடுவீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

ஊர் வாய்க்கு அது எப்படியும் எட்டிவிட்டது. கோயிலில் ஒரு பெண்மணி, வேற்று ஆண்களைக் கட்டிப்பிடித்து ஆடுகிறாயாமே என்று பிரசாதத் தட்டை ஏந்தியபடியே கேட்டார். ஆம், டாங்கோவின் அணைப்பு நெருக்கமானதுதான். அப்ராசோ என்ற சொல்லுக்கே அணைப்பு என்பதுதான் பொருள். ஆனால் எவ்வளவு நெருக்கம் என்பதை ஆடும் இருவரும் தீர்மானிக்கலாம். நான் ஆறு மாதம் வரை இடையில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டே ஆடினேன். யாரும் ஓர் அங்குலம்கூட அதைக் குறைக்க முயலவில்லை. ஆண்கள் குறைவு என்பதால் பாதி நாள் நான் ஆடியதே காய்கறி ஆண்ட்டியோடுதான். அவர் நடத்த, நான் பின்தொடர்ந்தேன். இதையெல்லாம் பிரசாதத் தட்டின் முன் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கோயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆடும் இணைகள் எல்லாம் மண்டபத்தின் ஓரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வரும். அந்தச் சுற்றுக்கு ரோந்தா என்று பெயர். மலாயில் ரோண்டா போவதையும் தமிழில் ரோந்து போவதையும் அறிந்த எங்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து வலமாகவே சுற்றிப் பழகிய கால், இடமாகச் சுற்ற மறுத்தது. பயிற்சிக்காக நான் நடத்துபவளாக நின்ற முதல் நாள், பழக்க தோஷத்தில் வலம் வரத் தொடங்கி, எதிரே வந்த இரண்டு இணைகளை மோதி நிறுத்தினேன். ‘தாக் அப்பா, தாக் அப்பா’, பரவாயில்லை, என்றார்கள்.

ஓய்வு நேரத்தில் பயிற்றுநர் இந்த ஆட்டத்தின் பிறப்பைச் சொல்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புவனோஸ் ஐரிஸ், மொந்தேவிதேயோ ஆகிய துறைமுக நகரங்களில், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களும், உள்நாட்டு மக்களும் நெருக்கடியான குடியிருப்புகளில் ஒன்றாக வாழ்ந்தபோது உருவானது இது. மேட்டுக்குடியினர் முகம் சுளித்த இந்த ஆட்டத்தை 2009-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அர்ஜென்டினா, உருகுவே இரண்டுக்கும் பொதுவான பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்திறங்கியவர். ஜெனோவாவிலிருந்து கப்பலேறியவர்களும் அவரைப்போல ஒரு தகரப் பெட்டியோடுதான் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இசையைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. கார்லோஸ் தி சார்லியின் குழு வாசித்தால் என் கால் தானாக நடக்கும், ஹுவான் தாரியென்சோவின் குழு வாசித்தால் ஓடப் பார்க்கும், ஓஸ்வால்தோ புக்லியேசே என்றால் நான் உட்கார்ந்து கேட்பேன். இப்போதைக்கு அவ்வளவுதான்.

சென்ற மாத மிலோங்காவில், வழக்கம்போல் கடைசிப் பாட்டாக ‘லா கும்பர்சீத்தா’வைப் போடும் நேரம். கீழே மாமாக் உணவுக்கடையில் தே தாரே தேநீரோடு காத்திருக்கும் என் கணவர், கடை அடைக்கிறார்கள் என்று சொல்ல முதல்முறையாக மேலே வந்து கதவருகே நின்றார். காய்கறி ஆண்ட்டி மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவரை நேராகப் பார்த்துத் தலையசைத்தார். விவரம் தெரியாத என் கணவர், யாரோ நலம் விசாரிக்கிறார்கள் என்று எண்ணி, தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அதன் பொருள் ஆண்ட்டிக்கு இப்போது தெரியும். எழுந்து வந்து, அவர் காலில் இருந்த ரப்பர் செருப்பைச் சுட்டிக்காட்டினார். அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிக் கதவோரம் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு அவர் உள்ளே வந்தார்.