பெயர் நெய்த பாய்

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வீட்டில் முதலில் பாய்ப் பேச்சுதான் வந்தது. மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாய் இல்லாமல் சீர் வைக்க அம்மாவுக்கு மனம் வராது. போன வருஷம் ஒரு கடையில் பத்தமடைப் பாய் என்று சொல்லித் தந்ததை வீட்டில் பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் இழை. சரி, ஊருக்கே போய்விடுவோம் என்று கிளம்பினேன்.

திருநெல்வேலியில் அம்பாசமுத்திரம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பத்தமடை. நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். நான் போன வீட்டில் முன்னறை முழுக்கத் தறிதான். தரையோடு கிடக்கும் தறி. ஒருவர் நீளக் குச்சியால் கோரையை உள்ளே செலுத்த, இன்னொருவர் அச்சை இழுத்து இறுக்குகிறார்.

"உட்காருங்கம்மா, இந்தக் கரையை முடிச்சிட்டு வந்துடுறேன்" என்றார் அச்சை இழுத்தவர்.

கோரையைப் பச்சையிலேயே கீறிக் காயவைக்கிறார்கள். பட்டுப்பாய் எனப்படும் மெல்லிய ரகக் கோரைப்பாய் என்றால் அது போதாது. ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதை மறுபடி காயவைத்து, நூல் மாதிரிக் கிழிக்க வேண்டும். தாமிரபரணிக் கரைக் கோரையோடு இப்போது கரூர்க் கோரையும் வருகிறது. நம்பர் கூடக் கூடப் பாய் மெல்லிசாம்; 120ஆம் நம்பர் பாய் ஒன்றைக் கையில் கொடுத்தார். துண்டு மடிப்பது போல மடிந்தது. கோரை என்றே நம்ப முடியவில்லை.

1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பாய் போன கதையை அவரும் சொன்னார். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் அதிகம் பேசியது பீடியைப் பற்றி. இந்த மாவட்டத்தில் பெண்களுக்கு வீட்டிலிருந்தே கிடைக்கும் இன்னொரு வேலை பீடி சுற்றுவது. "அதுல வாராவாரம் காசு வந்துரும்மா. பாய் வித்தாத்தானே காசு. என் மக எதுக்கு இதுல உட்காருவா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விருது, கண்காட்சி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நெய்கிற நாளிலேயே கூலி கைக்கு வந்தால்தான் அடுத்த தலைமுறை தறியில் உட்காரும். இன்று அந்த உறுதியைக் கொஞ்சமாவது தருவது கல்யாண ஆர்டர்தான். பெயர் நெய்யச் சொன்னவர் வாங்காமல் போக மாட்டார், பேரமும் குறைவு. பட்டுப்புடவைக்கு முன்பணம் கட்டுகிற நாம் பாய்க்கும் கட்டலாமே. நான் முழுப் பணத்தையும் கொடுத்தேன். அவர் வேண்டாம், பாதி போதும் என்றார். பிடிவாதமாகக் கையில் வைத்தேன்.

அப்புறம் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளை பெயர் கார்த்திகேயன். எழுத்தை எண்ணிப் பார்த்தார். "கார்த்திக்னு போட்டுக்கலாமா? எழுத்து பெருசா, அழகா விழும்."

அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.