லைப்ரரி சார்ஜ்

வேலூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் லைப்ரரி சார்ஜை, அதாவது நூலகப் பொறுப்பை, யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஜூன் மாத முதல் மீட்டிங்கில் பொறுப்புகளைப் பிரிக்கும்போது யார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ அவர் பெயர் எழுதப்படும். பெரும்பாலும் தமிழாசிரியர் மாட்டுவார். அவருக்குத்தான் படிக்கிற பழக்கம் உண்டு என்பது எச்.எம்.மின் நம்பிக்கை.

சார்ஜோடு கைக்கு வருபவை: சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, வழங்கல் பதிவேடு, மை காய்ந்த ரப்பர் ஸ்டாம்ப். நாலு பீரோவுக்குப் பதினோரு சாவி இருக்கும், மூன்றுதான் திறக்கும். திறக்காத பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாம் என்று யோசனை சொல்ல ஆள் வரும். விடாதீர்கள். எண்ணெயில் தூசு ஒட்டிக்கொண்டு, அடுத்த ஜூனில் திறக்கிற பூட்டும் திறக்காது. பென்சில் முனையைச் சீவி, அந்தக் கரித்தூளைச் சாவியின் பல்லில் தடவி நாலைந்து முறை திருப்பினால் போதும்.

அடுத்தது கையெழுத்து. ‘சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே எண்ணாமல் கையெழுத்துப் போட்டால், நீங்கள் பிறப்பதற்கு முன் தொலைந்த புத்தகமும் உங்கள் கணக்கில் ஏறும். எண்ண மூன்று பேர் வேண்டும்: ஒருவர் பதிவேட்டைப் படிக்க, ஒருவர் பீரோவில் தேட, ஒருவர் பென்சிலால் டிக் அடிக்க. ஆயிரம் புத்தகத்துக்கு இரண்டு மதியம் ஆகும். இல்லாதவற்றை இரண்டு பிரதியாகப் பட்டியல் எழுதி, இரண்டிலும் எச்.எம். கையெழுத்து வாங்கிவிட்டு, அப்புறம் உங்கள் பேனாவைத் திறங்கள்.

எண்ணும்போது கிடைக்கிற ஒரே இன்பம் பழைய ஸ்டாம்புகள். ஒரே புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’, 1989-ல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’, கடைசிப் பக்கத்தில் ‘வேலூர் மாவட்டம்’ என்று இருக்கும். பள்ளி ஆற்காடு பக்கம் என்றால் 2019-க்கு அப்புறம் ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ வேறு. பீரோவை விட்டு ஓர் அங்குலம் நகராமல் நாலு மாவட்டம் பார்த்த புத்தகம். ஒரு பையன்கூட அதை எடுத்திருக்க மாட்டான் என்பது தனி விஷயம்.

எண்ணி முடித்து, இனி பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கும்போது விலையில்லாப் பாடநூல், நோட்டு, புத்தகப்பை எல்லாம் லாரியில் வந்து இறங்கும். எங்கே வைப்பது? காலியாக இருக்கிற ஒரே அறை லைப்ரரி. ஜூலை பாதி வரைக்கும் புத்தகங்களைப் பார்க்க முடியாது, காரணம் புத்தகங்கள். தடுக்க முடியாது, பீரோ வரை இரண்டடி வழி மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுகளைச் சுவரில் சாய்க்கவோ வெறும் தரையில் வைக்கவோ விடக்கூடாது. கீழே செங்கல், மேலே பலகை, சுவரிலிருந்து நாலு விரற்கடை இடைவெளி. கரையான் சுவர் வழியாக மண்குழாய் கட்டிக்கொண்டு வரும். இடைவெளி இருந்தால் அது வருவது கண்ணில் படும்.

ஜூலை 10 நெருங்கினால் பேச்சுப் போட்டி. 1806 வேலூர்ப் புரட்சி பற்றிப் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு புத்தகம், கேட்பவர்கள் முப்பது பேர். முதலில் எடுத்தவன் திருப்பித் தரமாட்டான். தந்தால் எதிரி ஜெயித்துவிடுவான். அந்த ஒரு வாரம் புத்தகத்தை வெளியே கொடுக்காமல், தேவையான பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வகுப்புக்கு ஒன்று ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் மேடையில் திப்பு சுல்தானே கோட்டை மேல் நின்று சுடுவார். அவர் 1799-லேயே இறந்துவிட்டார், கோட்டையில் காவலில் இருந்தது அவருடைய பிள்ளைகளும் குடும்பமும் என்று அந்த நேரத்தில் நடுவர் எழுந்து சொல்லவா முடியும்?

வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் டைம்டேபிளில் இருக்கும். அதைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார். வட்டியும் கிடையாது, அசலும் வராது. ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று இதைச் சொல்லிக் காட்டலாம் என்று போனால் அதிலும் தோல்விதான். இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன் கணக்கு வாத்தியார். “பாத்தீங்களா சார், எங்காளுதான் ஆரம்பிச்சு வெச்சது” என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

தப்பித்தவறிப் பீரியட் கிடைத்தால் நாற்பது பேரையும் பீரோ முன்னால் விடக்கூடாது. முக்கால் மணி நேரத்தில் பத்துப் பேர்தான் எடுப்பார்கள், மிச்சப் பேர் எடுத்தவனைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். ஐம்பது புத்தகத்தை முன்னாலேயே கயிற்றில் தொங்கவிட்டோ பெஞ்சில் பரப்பியோ வைத்துவிடுங்கள். கனமான புத்தகத்தை எவனும் தொடமாட்டான். பதினாறு பக்கப் படக்கதைதான் முதலில் போகும். அதன் நடுவில் இருக்கும் ஸ்டேப்ளர் பின் மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். வாங்கியவுடனே பின்னைப் பிடுங்கிவிட்டு, மூன்று துளை போட்டு நூலால் தைத்தால் நாலைந்து வருடம் தாங்கும்.

சரி, புத்தகம் ஏன் பீரோவிலேயே கிடக்கிறது? பிள்ளைகள் படிப்பதில்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உண்மையான காரணம், தொலைந்தால் சார்ஜ் எடுத்தவர் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017) இதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்: ஓராண்டில் வழங்கிய 1,000 புத்தகத்துக்கு 5 தொலைந்தால், அதில் நேர்மைக்குறைவோ அலட்சியமோ இல்லாத பட்சத்தில், அது நியாயமான இழப்பு. 1,000 ரூபாய்க்கு மேல் விலை என்றாலோ அரிய நூல் என்றாலோ விசாரணை உண்டு. இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, நம் பள்ளியை நேராகக் கட்டாது. ஆனாலும் ஆடிட் வரும்போது சொல்லிப் பார்க்கலாம். ஒரு சிக்கல், வழங்கியிருந்தால்தான் தொலைக்கிற உரிமை வரும். வழங்கல் பதிவேடு வெறுமையாக இருந்து ஐந்து புத்தகத்தையும் காணோம் என்றால் விதியும் காப்பாற்றாது, வேலூர் ஜலகண்டேஸ்வரரும் காப்பாற்ற மாட்டார்.

ஆயுத பூஜையன்று எல்லா பீரோவும் ஒன்றாகத் திறந்திருக்கும். அதற்கு முந்தின நாள் ஒரு பாதிக் கணக்கெடுப்பை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். சந்தனம் குங்குமத்தைப் பீரோ கதவில் வைக்கச் சொல்லுங்கள். காலிகோ துணி ஒட்டின அட்டையில் ஏறின குங்குமம் போகவே போகாது. பொரிகடலைப் பொட்டலம் எந்தத் தட்டிலாவது மறந்துபோய்க் கிடக்கும். அன்று சாயங்காலமே தேடி எடுக்காவிட்டால் தீபாவளிக்குள் எலி குடித்தனம் வந்துவிடும்.

அப்புறம் ஐப்பசி மழை. வருடம் முழுக்க ‘வெயிலூர்’ என்று கிண்டல் பண்ணின ஊரில், ஒழுகுகிற ஒரே இடம் சரியாக மூன்றாவது பீரோவுக்கு மேலே இருக்கும். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப்போடுவதுதான் எல்லாரும் செய்வது. அட்டை வில்லாக வளையும், மட்டமான தாள் பழுத்து அடுத்த வருடம் அப்பளமாக நொறுங்கும். நிழலில், ஃபேனுக்குக் கீழே, லேசாக விரித்து நிறுத்த வேண்டும். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெற்றுத்தாள் செருகி, ஈரம் இழுத்ததும் மாற்ற வேண்டும். செய்தித்தாள் வைத்தால் சில சமயம் அதன் மை ஏறிக்கொள்ளும். பழைய விடைத்தாள்களில் எழுதாத பக்கங்களைக் கிழித்துக்கொள்ளுங்கள், பள்ளியில் அதற்கா பஞ்சம்? வழவழத் தாளில் வந்த கலைக்களஞ்சியம் மட்டும் அவசர கேஸ். காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாது, ஈரத்தோடு ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். எல்லாமே இரண்டு நாளுக்குள். அதற்கு மேல் பூஞ்சணம் பூத்துவிடும்.

கிழிந்த பக்கத்துக்கு செலோ டேப் வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகி அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்க்க வேண்டும், சேர்த்த கையைக் கழுவ வேண்டும். வெறும் மைதா என்றால் புத்தகம் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு நாமே சமைத்துப் போட்ட மாதிரி.

தை மாசி நன்கொடைக் காலம். முன்னாள் மாணவர்கள் அட்டைப்பெட்டியோடு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். பெட்டியில் பத்து வருடப் பழைய போட்டித் தேர்வு கைடு, டைரி, கொடுப்பவரே எழுதிய கவிதைத் தொகுப்பு நாற்பது பிரதி. எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் கழிக்க உத்தரவு வாங்க வேண்டும். போட்டோ முடிந்ததும் வேண்டியதை மட்டும் எண் போட்டுச் சேர்த்தால் போதும்.

மார்ச்சில் தேர்வு அறையாகிவிடும் லைப்ரரி, மே மாதம் டி.சி. நேரத்தில் மறுபடி உயிர் பெறும். பத்தாவது முடித்தவன் பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளி போகும்போது “அப்பவே குடுத்துட்டேன் சார், பீரோவுல நல்லா பாருங்க” என்பான். வழங்கல் பதிவேட்டில் அவன் கையெழுத்தைக் காட்டினால், மறுநாள் பழைய புத்தகக் கடையில் வாங்கின பிரதியோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவான். வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தொலைந்ததன் பழைய எண்ணை இதற்குப் போடக்கூடாது. புது எண் கொடுத்து, பழைய எண்ணுக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் ‘மாற்றுப் பிரதி பெறப்பட்டது’ என்று புது எண்ணைக் குறிக்க வேண்டும். அதற்கு முன் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் பதினேழாம் பக்கம் மூன்றையும் புரட்டிப் பாருங்கள். பக்கத்து ஊர் பள்ளி ஸ்டாம்ப் இருந்தால் அந்தப் பள்ளி லைப்ரரி சார்ஜுக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் ஸ்டாம்ப் போட்டது ஒன்று அவரிடம் இருக்கலாம்.