கால் எட்டுதா சார்?

"நிமிர்த்திப் பாருங்க சார், அப்பத்தான் ஃபீல் கிடைக்கும்" என்று சொன்ன அந்த ஷோரூம் தம்பியை மன்னித்துவிட்டேன். நான் வண்டியை நிமிர்த்திய கையோடு, சைடு ஸ்டாண்டைத் தன் காலால் தட்டி மேலே ஏற்றிவிட்டானே, அதைக்கூட மன்னிக்கலாம். சரியாக அந்த நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்ததையும், "ஒரு நிமிஷம் சார்" என்று கண்ணாடிக் கதவைத் தாண்டி அவன் வெளியே போனதையும்தான் மன்னிக்க மனசு வரவில்லை.

நான் உட்கார்ந்திருந்தது மலை, மணல், ஆறு எல்லாவற்றையும் தாண்டுவதற்கென்றே செய்த வகை வண்டி. பெயர் வேண்டாம். சீட் உயரம் 835 மி.மீ. என்று பக்கத்தில் அட்டை வைத்திருந்தார்கள். என் உயரம் 158 செ.மீ. அதற்கு அட்டை தேவையில்லை, பார்த்தாலே தெரியும். இரண்டு கால்களையும் தொங்கவிட்டால் கட்டைவிரல் நுனிகள் தரையைத் தொடுகின்றனவா, தொடுவதாக நானே நினைத்துக்கொள்கிறேனா என்பது சந்தேகம். தரையோ முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் போலப் பளபளக்கும் டைல்ஸ்.

சைடு ஸ்டாண்டை இறக்க இடது காலைத் தூக்க வேண்டும். தூக்கினால் பாரம் வலது பக்கம் போகும். வலது பக்கம் ஒரு சாண் தள்ளி இன்னொரு வண்டி, அதையடுத்து இன்னொன்று, இப்படியே வாசல் கதவு வரைக்கும் வரிசை. முதலாவது சாய்ந்தால் கடைசி வண்டி தெருவில் போய் விழும். அத்தனைக்கும் பில் என் பெயரில். எனவே இரண்டு கைகளையும் ஹேண்டில் பாரில் விரித்து வைத்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும். அதற்குள் இந்த விபரீத ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

காரணம் வேறு யார், மைத்துனன்தான். போன மாதம் அவனுடைய பெரிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். என் ஸ்பிளெண்டரில் போகும்போது லாரி கடந்தால் என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகும். அவன் வண்டியை லாரி ஒன்றும் செய்யவில்லை. இறங்கியதும் வாய் தவறி, "நானும் இப்படி ஒண்ணு எடுக்கலாம்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் ஆறடி உயரத்திலிருந்து குனிந்து என்னைப் பார்த்து, "மாமா, உங்களுக்கு அதெல்லாம் செட் ஆகாது" என்றான். அவ்வளவுதான். கனவு, சுதந்திரம், நெடுஞ்சாலை என்று மற்றவர்கள் எழுதுகிற காரணம் எதுவும் எனக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தைதான்.

அவர்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். ஒட்டடை அடிக்க ஏணி தேடாத குடும்பம். என் மனைவியே என்னைவிட ஒரு சாண் உயரம் என்பது கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஆல்பத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் போட்டோகிராஃபர் கடைசிவரை அவளை நாற்காலியில் உட்கார வைத்தே எடுத்தார்.

பெரிய வண்டி பார்க்கிறேன் என்று செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. உயரமானவன் வண்டி வாங்கினால் என்ன மைலேஜ் என்று கேட்பார்கள். குட்டையானவன் வாங்கினால் என்ன ஷூ என்று கேட்கிறார்கள். கெட்டியான அடித்தோல் வைத்த பூட்ஸ் போட்டால் ஒரு அங்குலம் கிடைக்குமாம். கிடைக்கும்தான். ஆனால் அந்த ஒரு அங்குலம் கியர் லீவருக்கு அடியில் நுழைய மாட்டேன் என்கிறது.

அப்புறம் சீட்டை அறுக்கச் சொல்கிற கட்சி. "உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சைக் கொஞ்சம் வெட்டிட்டா போதும் சார்." உயரம் குறையும், அதோடு உட்காரும் இடத்தின் நிம்மதியும் குறையும். இதில் விஷயம் தெரிந்த ஒருவர் மட்டும் உருப்படியாகச் சொன்னார்: உயரத்தைக் குறைக்காதே, முன்பக்கம் தொடை உரசுகிற இரண்டு ஓரத்தையும் சீவு, கால் நேராக இறங்கும் என்று. அதுதான் சரி. சீட் அகலமாக இருந்தால் கால் இரண்டும் பக்கவாட்டில் வளைந்து இறங்க வேண்டும், அதிலேயே பாதி நீளம் போய்விடுகிறது.

பின்பக்க ஷாக் அப்சார்பரோடு சேர்கிற லிங்கை மாற்றி வண்டியையே தாழ்த்திவிடு என்பது இன்னொரு கட்சி. பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஹெட்லைட் எதிரில் வருகிறவன் கண்ணைக் குத்தும், திருப்புகிற விதமே மாறிப்போகும். அதற்காக முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கையும் கிளாம்பில் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். இரண்டையும் செய்தால் சைடு ஸ்டாண்ட் நீளமாகிப்போய் வண்டி சாயாமல் நட்டுக்கொண்டு நிற்கும், காற்றடித்தால் மறுபக்கம் விழும். அதற்காக ஸ்டாண்டையும் வெட்ட வேண்டும். கடைசியில் பார்த்தால் வண்டியில் வெட்டாமல் விட்டது சாவி மட்டும்தான்.

தாழ்வான வண்டிகள் இல்லாமல் இல்லை. ஹோண்டா ரெபெல் 500-க்கு 690 மி.மீ. தான். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-க்கு 765. இரண்டிலும் என் குதிகால்கூடப் படும். ஆனால் கால் வைக்கிற இடம் முன்னால் தள்ளி இருக்கிற இந்த வகையில் நான் உட்கார்ந்தால் பல் டாக்டரிடம் வந்தவன் போல ஆகிவிடுகிறேன். உட்கார்ந்ததும் தானாகவே வாய் திறந்துகொள்கிறது.

ஆறுதலுக்கும் குறைவில்லை. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று சொல்லாத ஆளில்லை. இதை முதலில் சொன்னவர் கட்டாயம் நெட்டையாகத்தான் இருந்திருப்பார். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்பதை மட்டும் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. டெஸ்ட் ரைடுக்குச் சாவி கேட்டால் ஷோரூம்காரர்கள் முகத்தில் அது எழுதியிருக்கும். மோட்டோஜிபி என்கிற உலக பைக் போட்டியில் 31 பந்தயங்களை வென்ற டானி பெட்ரோசா ஏறக்குறைய 160 செ.மீ. தான் என்று என் மகள் எடுத்துக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. ஆனால் பெட்ரோசா வண்டியை நிறுத்தினால் பிடித்துக்கொள்ள ஓடி வர மெக்கானிக்குகள் உண்டு. எனக்கு இருந்தது போன் பேசப் போன தம்பி.

அதே மகள்தான் என் காலையும் அளந்தாள். உயரத்தை அளந்து பயனில்லை, இன்சீம் என்கிற உள்கால் நீளத்தை அளக்க வேண்டுமாம். சுவரோடு ஒட்டி வெறுங்காலில் நிற்க வைத்து, கெட்டி அட்டை போட்ட அட்லஸ் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் கொடுத்து, "சீட் மாதிரி நினைச்சு மேல தூக்குங்கப்பா, இன்னும், இன்னும்" என்றாள். தூக்கியதில் உலகத்தின் பாதி கண்ணில் தெரிந்தது. தரையிலிருந்து அட்லஸின் முதுகு வரைக்கும் 72 செ.மீ. அதைச் சுவரில் பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டாள். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, வருகிறவர்களெல்லாம் குழந்தை வளர்வதைக் குறித்திருக்கிறோம் என்று நினைத்து ரசித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த அளவையெல்லாம் வைத்துக்கொண்டு பார்த்ததில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அட்டையில் போட்டிருக்கிற எண் பாதி உண்மைதான். ஸ்பிளெண்டருக்கு 785 மி.மீ. ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-க்கு 790. ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒன்று 112 கிலோ, மற்றது 181 கிலோ. ஸ்பிளெண்டர் சாய்ந்தால் தொடையை முட்டுக் கொடுத்து, போனில் பேசிக்கொண்டே நிமிர்த்தலாம். மற்றது ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் அது எங்கே போகிறதோ அங்கே நாமும் போக வேண்டியதுதான். ஆக, கேட்க வேண்டிய கேள்வி "கால் எட்டுதா சார்?" இல்லை. எட்டிய காலால் எவ்வளவு தாங்க முடியும் என்பதுதான். இதை எந்த ஷோரூமிலும் கேட்பதில்லை.

சரி, ஷோரூமுக்கே வருவோம். நான் இன்னும் வண்டிமேல்தான் இருக்கிறேன். கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அப்போது ஒரு அப்பாவும் கல்லூரிப் பருவத்துப் பையனும் உள்ளே வந்தார்கள். அப்பா நேராக என்னிடம் வந்து, "சார், வண்டி எப்படி?" என்றார். என்ன சொல்வது? "நல்ல ஸ்டெபிலிட்டி" என்றேன். அந்த நொடியில் அது பிரார்த்தனை. மைலேஜ் கேட்டார், சர்வீஸ் கேட்டார், தூரப் பயணத்துக்கு முதுகு வலிக்குமா என்று கேட்டார். தலையைக்கூடத் திருப்பாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவருக்கு அது கம்பீரமாகப் பட்டிருக்க வேண்டும், குரலில் மரியாதை ஏறிக்கொண்டே போனது.

"சார், கொஞ்சம் இறங்கினீங்கன்னா பையன் உட்கார்ந்து பார்ப்பான்."

"நான் இன்னும் முடிவு பண்ணலை" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. இவன் எடுத்துவிடுவான் போலிருக்கே என்ற பயம் கண்ணில் தெரிந்தது. "வேற பீஸ் இருக்கான்னு கேட்கிறேன்" என்று கவுண்டர் பக்கம் வேகமாக நடந்தார்.

பையன் நகரவில்லை. என் ஷூவையே பார்த்தான். பிறகு செயினைப் பார்ப்பது போல வண்டிக்கு இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையாலேயே சைடு ஸ்டாண்டை இழுத்துக் கீழே இறக்கினான். "இப்ப லெஃப்ட்ல சாய்ங்க அங்கிள்" என்றான், அப்பா காதில் விழாத குரலில். சாய்ந்தேன். வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்தது. அந்தக் 'கிளிக்' சத்தத்துக்கு ஈடான சங்கீதம் நான் கேட்டதில்லை. இறங்கி ஏதாவது சொல்வதற்குள் பையன் ஏறி உட்கார்ந்துவிட்டான். இரண்டு பாதமும் தரையில் பச்சென்று படிந்தன. சில பிள்ளைகளை வாழ்த்துவதா சபிப்பதா என்றே தெரியாது.

அவர்கள் அன்றே புக் செய்துவிட்டார்களாம். போன் பேசி முடித்து வந்த தம்பி என்னிடம் கை கொடுத்து, "உங்களாலதான் சார் இந்த சேல்" என்றான். டிஸ்கவுண்ட் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை.

அப்புறம் ஹண்டரை ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவாகி, மனைவியையும் கூட்டிப் போனேன். பின்னால் ஆளை வைத்துப் பார்த்தால்தானே உண்மை தெரியும். முதல் சிக்னலில் நிறுத்தினேன். ஆச்சரியம்! வண்டி கல்லு மாதிரி நின்றது. பாதத்தின் முன்பாதி முழுக்கத் தரையில், குதிகால்கூடக் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது போல இருந்தது. ஆட்டமில்லை, சாய்வில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சிக்னலிலும் அதே கதை.

அந்த உற்சாகத்தில் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். அட்டையில் போடுகிற உயரம் பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியின் உயரம், ஆள் உட்கார்ந்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கும், பின்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னும் அமுங்கும், சீட் தானாகவே இறங்கும், ஆகவே நீ பின்னால் இருக்கும்வரை எனக்குக் கால் எட்டும் என்று. அதில் ஒரு காதல் வசனமும் ஒளிந்திருப்பதாக நான் நினைத்தேன்.

"அதாவது, என் வெயிட்டுக்கு வண்டி அமுங்குதுன்னு சொல்றீங்க."

"அறிவியல் சொல்றேம்மா."

பதில் வரவில்லை. அடுத்த சிக்னலில் நிறுத்தியதும் வண்டி இடது பக்கம் சரிந்தது. எங்கிருந்தோ ஒரு யானை வந்து சாய்ந்துகொண்டது போல அத்தனை பாரமும் என் இடது காலுக்கு வந்தது. பல்லைக் கடித்து, முழங்காலை வளைக்காமல் இறுக்கி, ஒருவழியாகப் பிடித்துவிட்டேன்.

"என்ன ஆச்சு?" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒண்ணும் ஆகலை. இவ்வளவு நேரமும் நான்தான் ரெண்டு காலையும் ஊன்றிப் பிடிச்சிட்டிருந்தேன். இனிமே அறிவியல் பார்த்துக்கும்னு எடுத்து மேல வச்சிட்டேன்."

ஒரு காலில் தாங்க முடிந்துவிட்டது என்பதால் வண்டியைப் புக் செய்தாகிவிட்டது. மைத்துனனுக்கு இன்னும் சொல்லவில்லை. எந்த நிறம் என்று கேட்டு ஷோரூமிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் கேட்டால், "எந்தக் கலர் வெயிட் கம்மியோ அதையே எடுங்க" என்கிறாள்.