கேமரா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்

வலது நுரையீரலின் மேல் மடலில், அதாவது மேல்பகுதியில், இரண்டரை சென்டிமீட்டர் கட்டி, புற்றுநோய்தான். வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொன்னதும், மடலையே எடுத்துவிடலாம் என்றார் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னைப் பார்த்த டாக்டரம்மா. வலப்பக்கம் மூன்று மடல். ஒன்று போனாலும் சமாளிக்கலாமாம்.

எப்படி எடுப்பது என்பதில்தான் பேச்சு ஓடியது. விலா இடுக்கில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டுச் செய்வது ஒன்று. ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, விலாவை அகட்டிச் செய்வது இன்னொன்று. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும் "துளைதான் நல்லது". நர்ஸாக இருக்கும் என் மகள், 2022-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றைப் படித்தாள். மொத்தம் 503 பேர். துளை வழியில் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் 4 நாளில் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் 5 நாளில். ஐந்து வாரம் கழித்தும் துளைக்காரர்களுக்கு உடம்பு தேவலை. கட்டியை முழுசாக எடுப்பதில் இரண்டும் ஒன்றுதான். "ஒரு நாள்தானாப்பா வித்தியாசம்?" என்றாள்.

டாக்டரம்மா கேட்டது வேறு. "டிபி வந்திருக்கா?" இந்த ஊரில் எல்லா டாக்டரும் கேட்கிற கேள்வி. எனக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. பழைய டிபி நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்திருக்கலாம், அப்போது கேமராவுக்கு இடம் கிடைக்காது என்றார். 'தேவைப்பட்டால் திறந்து செய்யச் சம்மதம்' என்ற வரியையும் காட்டினார். நான் சரிசரி என்று கையெழுத்துப் போட்டேன்.

விழித்தபோது முதுகெல்லாம் நெருப்பு. "நல்லா ஒட்டியிருந்தது. ரத்தக்குழாய்ப் பக்கம் தெரியாமல் இழுக்க மனசில்லை, திறந்துவிட்டேன்" என்றார். இரண்டு நாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ்காரர். அவருக்குத் துளை. நான்காம் நாள் தானே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கோ காற்றும் நீரும் வெளியேற நெஞ்சில் சொருகிய குழாயின் பாட்டிலில், இருமும்போதெல்லாம் குமிழி. ஒட்டியதைப் பிரித்த இடத்தில் காற்று கசிகிறதாம். குமிழி நிற்காமல் குழாயை எடுக்க மாட்டார்கள். மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் நானும் மகளும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். ஏழாம் நாள் இருமினேன், ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் இருமிப் பார்த்தேன்.

ஒன்று மட்டும்: வலி மாத்திரையை வீம்புக்குத் தள்ளிப்போடாதீர்கள். வலித்தால் மூச்சை ஆழமாக இழுக்க மாட்டோம், சளி கட்டிவிடும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள்.

மார்புக்குக் கீழே இன்னும் மரத்துக் கிடக்கிறது. விலா நரம்பு அழுந்தியதால் வருவதாம். போன வாரம் ஃபீனிக்ஸ்காரர் போன் செய்தார். "எனக்கும் லேசா மரத்திருக்கு, அண்ணே" என்றார்.