சி புரோகிராமிங் லேப், பிப்ரவரி

பிப்ரவரி 3
முதல் வருஷம் 62 பேர். சொந்த லேப்டாப் 41. ஊரிலிருந்து போன் வரவில்லை.

பிப்ரவரி 4
சி புரோகிராம் எழுதுகிற கோட்பிளாக்ஸ் சாஃப்ட்வேரின் தளத்தில் சின்ன ஃபைலை இறக்கினால் எடிட்டர் மட்டும்தான். பெயரில் மிங்டபிள்யூ என்று இருக்கும் பெரிய ஃபைலில்தான், எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலரும் சேர்ந்து வரும். போர்டில் எழுதினேன், வாட்ஸப்பிலும் போட்டேன். பாதிக்கு மேல் சின்னதைத்தான் இறக்கியிருக்கிறார்கள். டேட்டா மிச்சம் பிடிக்கிற பிள்ளைகள், எப்படித் திட்டுவது? பென்டிரைவில் ஏற்றி பெஞ்ச் பெஞ்சாகக் கொடுத்தனுப்பினேன். வைரஸோடுதான் திரும்பும்.

பிப்ரவரி 5
திரும்பியது.

பிப்ரவரி 6
ரெக்கார்டு நோட்டில் டர்போ சி அவுட்புட்தான் வேண்டுமாம், அந்த நீல ஸ்கிரீன். மேடம் ஆர்டர். அது 16 பிட் காலத்துச் சாமான், 64 பிட் விண்டோஸில் தானாக எழுந்து நிற்காது. பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் பல்லக்கில் வைத்துத் தூக்க வேண்டும். எதற்கு மேடம் என்று நாக்கு நுனி வரை வந்தது. லீவு லெட்டர் அவர் மேஜையில் கிடக்கிறது.

லேப்பில் சிக்னல் கிடையாது. ஜெனரேட்டர் ரூம் பக்கம் போனால் இரண்டு கோடு. ஐந்து தடவை போய்வந்தேன். போனில் மாமனார்: "இன்னும் இல்ல மாப்பிள்ளை."

பிப்ரவரி 9
கடைசி பெஞ்ச் பிள்ளை. முதல் புரோகிராமான ஹலோ வேர்ல்டு கூட ஓடவில்லை. ஃபைலே இல்லை என்கிறது, ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. மிங்டபிள்யூவை இரண்டு தடவை அழித்துப் போட்டேன். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் சி டிரைவில் யூசர் ஃபோல்டர் பெயரைப் பார்த்தேன். 'செல்லக்குட்டி'. தமிழிலேயே. கம்பைலர் நடுவில் உண்டாக்குகிற தற்காலிக ஃபைலெல்லாம் அதற்குள்தான் போகும். பாதையில் தமிழெழுத்தைக் கண்டதும் முழிக்கிறது.

புது யூசர் போட்டுத் தரேம்மா என்றேன்.

"வேணாம் சார். அப்பா வெச்ச பேரு."

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தற்காலிக ஃபைல் போகிற இடத்தைச் சொல்லும் டெம்ப், டிஎம்பி செட்டிங் இரண்டையும் சி டிரைவில் வேறு ஃபோல்டருக்குத் திருப்பினேன். புரோகிராமை டி டிரைவில் வைக்கச் சொன்னேன். ஓடியது. பெயர் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 10
ராத்திரி பூராவும் பெயர்களாகவே ஓடின. எல்லாம் தமிழில்.

பிப்ரவரி 11
மூன்று பேர் 'முடிஞ்சுது சார்' என்றார்கள். மூன்றும் முடியவில்லை.

பிப்ரவரி 12
23ஆம் மெஷினில் டாஸ்பாக்ஸ் மவுண்ட் ஆகவில்லை, அப்படியே கிடக்கிறது. லெட்டரில் கையெழுத்து விழவில்லை. லேப் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட், தேனி வண்டி, ஜன்னல் சீட். சிக்னல் நான்கு கோடு.