எலியட்டும் என் செப்புக்காசுகளும்: ஏழாவது வாரம்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த 11 செப்புக்காசுகளைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு வாரத்தில் தேறியவை நான்கு.

இந்த ஆசையை மூட்டியவர் வால்டர் எலியட். ஸ்காட்லாந்தின் வுல்ஃபிலீ நிலக்கிழார் குடும்பத்தில் 1803இல் பிறந்தவர். 1821இல் சென்னை மாகாண சிவில் சர்வீசுக்கு வந்தார். 1824இல் கித்தூரில் ராணி சென்னம்மாவின் படையிடம் சிறைப்பட்டு மீண்டார். 1845இல் அமராவதித் தூபியைத் தோண்டிச் சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் பெரும்பகுதி பிறகு லண்டனுக்குப் போனதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் உத்தியோகத்துக்கு நடுவே காசு காசாகச் சேர்த்துப் படித்த அந்தப் பொறுமை என்னை இழுத்தது. தென்னிந்திய நாணயங்கள் பற்றிய அவர் நூல் 1886இல் வந்தபோது வயது 83. கண்பார்வையும் ஏறக்குறையப் போயிருந்தது.

சரி, என் வேலைக்கு வருகிறேன். முதல் காசைப் புளி போட்டு விளக்கியது பெரிய தப்பு. பச்சைக் களிம்போடு உருவத்தின் விளிம்பும் போய்விட்டது. இனி தண்ணீரும் மென்மையான பிரஷும் மட்டும்தான். தேய்க்கும்போது காசு நழுவுவதுதான் அடுத்த தொல்லை. காசின் கனத்துக்கே அட்டை எடுத்து, நடுவில் வட்டமாக வெட்டி, அதற்குள் காசைப் பதித்தேன். மேலே மெல்லிய தாள். பென்சிலை நுனியால் அல்ல, படுக்கவைத்து, ஒரே திசையில் தேய்த்தால் கோடுகள் தெளிகின்றன. அப்படித்தான் போன ஞாயிறு உட்கார்ந்த உருவத்தின் இடக்கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' எழுந்து வந்தது. வெறும் கண்ணுக்கு அது சொரசொரப்பாக மட்டுமே தெரிந்திருந்தது. கை நடுங்கிவிட்டது.

அப்புறம் எலியட்டை நினைத்துக் கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தேன். நிற்கும் உருவம் எந்தப் பக்கம், உட்கார்ந்த உருவம் எந்தப் பக்கம் என்று பிரிக்கவே பத்து நிமிடம் ஆனது. எழுத்து ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

1887 மார்ச் 1 காலை, ஜி.யு.போப்புக்கு அவருடைய குறள் பதிப்பைப் பற்றி ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவைத்து, தன் கையாலேயே ஒப்பமிட்டிருக்கிறார் எலியட். அன்றே இறந்துபோனார்.

இன்னும் ஏழு காசுகள் இருக்கின்றன. புளி பட்டதைக் கடைசியில் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.