டிதர் சக்கரம் ஆடுகிறது, எதிர்முறுக்கு எங்கே போகிறது?

ஒருவழியாக என் ரிங் லேசர் கைரோ (எதிரெதிராகச் சுற்றும் இரண்டு லேசர் கதிர்களை வைத்துச் சுழற்சியை அளக்கும் கருவி) பூமி சுற்றுவதைக் காட்டிவிட்டது. அதன் கண்ணாடிக் கட்டையைக் கிடையாக வைத்து எண்ணிக்கையை (இரு கதிர்களும் கலந்து வரும் பட்டைகள் எத்தனை நகர்ந்தன என்பதை) பதிவு செய்துவிட்டு, அப்படியே கவிழ்த்து வைத்தால் குறி மாறுகிறது. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்தால், அட்சரேகையை வைத்துப் போட்ட கணக்கோடு 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. விமானத்தில் போகிற கைரோவுக்கு இது வெட்கக்கேடான துல்லியம். எனக்கு இது போதும், ரொம்பவே போதும்.

முந்தைய கட்டங்களைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பழைய உபகரணங்களைக் கழித்து விற்பவரிடம் கிடைத்த முக்கோணக் கண்ணாடிக் கட்டை. ஒளிப்பாதையின் பக்கம் 10 செ.மீ., சுற்றளவு 30. லேசர் உயிரோடு இருந்தது. டிதர் ஸ்பிரிங்கும் (டிதர் என்றால் கட்டையை இடைவிடாமல் முன்னும் பின்னும் ஆட்டுவது) மின்சுற்றும் வரவில்லை. பாதையின் கணக்குப்படி ஒரு எண்ணிக்கைக்கு 2.26 ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்). துருவத்தில் நின்று அளந்தால் பூமியின் சுழற்சிக்கு விநாடிக்கு 6.65 எண்ணிக்கை வரவேண்டும். நாமெல்லாம் துருவத்தில் இல்லாததால் அட்சரேகையின் சைனால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

டிதர் இல்லாமல் அந்த 6.65-ஐப் பார்க்க வழியே இல்லை. சுழல்மேசையை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து பார்த்தேன். விநாடிக்கு 0.05 டிகிரி அருகே வந்ததும் பீட் (இரு கதிர்களின் அதிர்வெண் வித்தியாசத்தால் வரும் துடிப்பு) தடுமாறி, நீண்டு, செத்துவிடுகிறது. மணிக்கு 180 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி சுற்றுவது மணிக்கு 15. அதாவது பார்க்க ஆசைப்படுவது லாக்-இன் பட்டைக்குள் ஆழமாகப் புதைந்து கிடக்கிறது. கண்ணாடிகளில் சிதறித் திரும்பும் துளி ஒளி போதும், எதிரெதிர்க் கதிர்கள் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் ஒட்டிக்கொள்ள.

இதற்குக் கட்டையையே ஆட்டிவிடுவது என்ற யோசனை ஹனிவெல்லின் கில்பேட்ரிக்குடையது. அவருடைய காப்புரிமை 1968-இல் வெளியானது. 1980-களின் தொடக்கத்தில் போயிங் 757, 767 விமானங்கள் ஆட்டிவிட்ட கைரோக்களோடுதான் பறக்க ஆரம்பித்தன. ஜெர்மனியின் வெட்செல்லில் இருக்கும் ‘ஜி’ ரிங் லேசருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. 4 மீட்டர் பக்கமுள்ள சதுரம், 16 சதுர மீட்டர் பரப்பு. பூமியின் சுழற்சி ஒன்றே அதற்கு 348.5 ஹெர்ட்ஸ் கொடுத்து லாக்-இன்னுக்கு வெளியே தூக்கி வைத்துவிடுகிறது. பத்து சென்டிமீட்டர்காரர்கள் ஆட்டித்தான் ஆகவேண்டும்.

டிதர் சக்கரத்தை, அதாவது ஆட்டத்துக்கான ஸ்பிரிங்கை, எஃகுத் தகட்டில் வயர்கட் (மின்பொறிக் கம்பியால் வெட்டுவது) செய்து வாங்கினேன். நடுவில் அடித்தட்டோடு சேரும் குடம், வெளியே கட்டையோடு ஆடும் வளையம், இடையில் மெல்லிய ரீட்கள் (தகட்டுக் கீற்றுகள்). ஒவ்வொரு ரீடும் ஆடும்போது எஸ் வடிவில் வளைகிறது. குடத்துப் பக்கம் ஒரு வளைவு, வளையத்துப் பக்கம் அதற்கு எதிர் வளைவு. ஆகவே ஒரே நீளமான பீசோவை (மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் துண்டு) ஒட்டினால் பாதி தள்ளும், பாதி இழுக்கும், மொத்தத்தில் ஒன்றும் நடக்காது. இரண்டு முனைக்கும் தனித்தனித் துண்டு, எதிர் எதிர் முனைமையில். எபாக்சி எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதற்கு மேல் ஒட்டுவதைப் பற்றி எழுதினால் எனக்கே கோபம் வரும். பீசோ அனுப்பியவர் ஒரே தொகுதி என்று சொன்ன துண்டுகளில் கெப்பாசிட்டன்ஸ் ஒன்றுக்கொன்று சொந்தமே கொண்டாடவில்லை. ஒவ்வொன்றாக அளந்து ஜோடி சேர்த்த பிறகுதான் ஒட்டினேன். அடுத்த முறை வேறு இடம்.

ஒத்ததிர்வு 380 ஹெர்ட்ஸில் வந்தது. உச்ச வேகம் விநாடிக்கு 100 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வீச்சு 150 ஆர்க்செகண்ட். அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய 133 எண்ணிக்கை, உச்சத்தில் 159 கிலோஹெர்ட்ஸ். கியூ மதிப்பு (ஒத்ததிர்வின் கூர்மை) 150 பக்கம் இருப்பதால் பீசோ தரவேண்டிய முறுக்கு ரொம்பச் சொற்பம். இதுவரைக்கும் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் விடுவது, ஸ்பிரிங்கின் மறுமுனையில் நடப்பதை.

கட்டையும் வளையமும் சேர்ந்த நிலைமத் திருப்புத்திறன் 0.0015 கிலோ மீ². அதை 380 ஹெர்ட்ஸில் 150 ஆர்க்செகண்ட் ஆட்ட ஸ்பிரிங் தாங்குகிற உச்ச முறுக்கு 6 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. பீசோவின் முறுக்கு இதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 6 நியூட்டன் மீட்டரும் குடத்தின் வழியாக அடித்தட்டுக்கு இறங்குகிறது, விநாடிக்கு 380 முறை. அடித்தட்டை மேசையோடு இறுக்கிக் கட்டினால் மேசை வாங்கிக்கொள்ளும். மேசைக்கும் தன்பாட்டுக்கு அதிர்வெண்கள் உண்டு. கியூ சரிபாதியாக விழுந்தது. மேசைமேல் கையை ஊன்றினால் வீச்சு மாறியது. பக்கத்தில் இருந்த திருகாணி டப்பா தானே நகர்ந்து போனது.

வீச்சு குறைவதைக்கூட மின்னழுத்தத்தை ஏற்றிச் சமாளிக்கலாம். தொந்தரவு டிதரைக் கழிக்கும் இடத்தில். என் போட்டோடயோடுகள் கட்டையிலேயே இருக்கின்றன. ஆட்டம் முழுதும் எண்ணிக்கையில் வந்துவிடும். அதை நீக்க, ரீடில் ஒட்டிய தனி பிக்-ஆஃப் பீசோவின் (ஆட்டத்தை அளக்க மட்டும் வைத்தது) அளவைப் பெருக்கிக் கழிக்கிறேன். ஆனால் கைரோ பார்ப்பது கட்டையின் உண்மையான சுழற்சியை. பிக்-ஆஃப் பார்ப்பதோ கட்டைக்கும் அடித்தட்டுக்கும் இடையிலான கோணத்தை. அடித்தட்டு துளி எதிர்ப்பக்கம் ஆடினாலும் இரண்டும் வேறுவேறு. ஊஞ்சலில் உட்கார்ந்து முன்னே உந்தினால் பலகை பின்னே போகிற அதே விஷயம்தான்.

அடித்தட்டு 30 செ.மீ. விட்டமுள்ள 10 கிலோ எஃகு வட்டு. அதன் திருப்புத்திறன் கட்டையைப் போல 75 மடங்கு. தொங்கவிட்டாற்போல் சுதந்திரமாக இருந்தால் எதிராட்டம் 1.3 சதவீதம், அதாவது 2 ஆர்க்செகண்ட். கல்லில் கட்டினாற்போல் இருந்தால் பூஜ்யம். மேசையில் கட்டினால் இடைப்பட்ட ஏதோ ஒன்று, அதுவும் மேசைமேல் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து. 133 எண்ணிக்கையில் 1.3 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு எண்ணிக்கை. அந்த மிச்சம் கழிபடாமல் நின்று, கூடவே அலையின் கட்டமும் (ஃபேஸ்) விலகுவதால் ஒரே ஒரு குணகத்தை வைத்துக் கழித்தால் தீரவில்லை. பிக்-ஆஃப் அளவுக்கு ஒன்று, அதன் மாறுவீதத்துக்கு ஒன்று என இரண்டு குணகங்களை ஓடவிட்டு, எல்.எம்.எஸ். முறையில் (மிச்சப் பிழையின் வர்க்கம் குறையும் பக்கமாகப் படிப்படியாக) திருத்திக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.

முழு டிதர் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் போதுமே, ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் சைன் அலையாக ஆடினால் போதும்தான். ஆனால் வெறும் சைன் அலை நமக்கு உதவாது. ஒவ்வொரு சுற்றிலும் கட்டை இரு கோடிகளிலும் நின்று திரும்புகிறது. அந்த நொடித்துணுக்கில் வேகம் லாக்-இன் பட்டைக்குள் விழுகிறது. ஆட்டம் அச்சுப்பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் அங்கே சேரும் பிழையும் ஒரே மாதிரி சேர்ந்து, பூஜ்ய வேகத்தைச் சுற்றி ஒரு சின்னச் செத்த பட்டை மிஞ்சிவிடும். வீச்சில் தாறுமாறான இரைச்சலைக் கலந்தால் பிழை சுற்றுக்குச் சுற்று கலைந்து, ராண்டம் வாக்காக (திசையின்றித் தள்ளாடும் பிழையாக) மாறுகிறது. அதோடு வாழலாம். ஆனால் வீச்சு சுற்றுக்குச் சுற்று மாறும்போது சராசரி ஒழுங்காகப் பூஜ்யம் ஆகாது. கழித்தல் சரியாக இருந்தே தீரவேண்டும்.

ஆகவே அடித்தட்டை மேசையிலிருந்து விடுவித்தேன். நான்கு மென்மையான ரப்பர் தாங்கிகள். முறுக்கு அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ் பக்கம். 380-இல் மேசைக்கு இறங்குவது இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மேசையோடு கட்டியிருந்தபோது இருந்ததைவிட ஒத்ததிர்வு 2.5 ஹெர்ட்ஸ் ஏறியது. இதைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு குதி, ஏனென்றால் 75 மடங்கு என்ற கணக்கு சொல்லும் ஏற்றமும் சரியாக அதுவே. அடித்தட்டு உண்மையிலேயே சுதந்திரமாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை கிடையாது. கழித்தல் குணகம் இப்போது ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நிற்கிறது. மேசையில் கையை ஊன்றினாலும் சரி, பாட்டுக்குத் தாளம் போட்டாலும் சரி.

இன்னொன்று, எடைமையம். கட்டையின் எடைமையம் குடத்தின் அச்சிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலே பக்கவாட்டில் 2 நியூட்டன் உதறல் வருகிறது. முறுக்கைச் சமாளித்த ரப்பர் இதையும் பெரும்பாலும் விழுங்கிவிடும் என்றாலும், வட்டே முணுமுணுப்பது காதில் விழுகிறது. வளையத்தில் துளைகள் போட்டு, பித்தளைத் திருகுகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, அடித்தட்டில் ஒட்டிய முடுக்கமானியில் 380 ஹெர்ட்ஸ் அதிர்வின் குச்சி தாழும்வரை திருகினேன். ஆள் பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் பலன் உடனே தெரியும்.

ரப்பரில் குறை இல்லாமல் இல்லை. அடித்தட்டு இப்போது மெதுவாகத் திரும்பக்கூடிய பொருளாகிவிட்டது. கதவைச் சாத்தினால் அந்த அசைவைக் கைரோ நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. வெப்பம் ஏறினால் ரப்பர் இளகும், 25 ஹெர்ட்ஸ் கீழிறங்கும். விமானத்து அலகுகளில் மூன்று கைரோக்களையும் ஒரே கனத்த கட்டமைப்பில் இறுக்கமாகப் பூட்டி, அந்தக் கட்டமைப்புக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் ரப்பர் போடுகிறார்கள். மூன்றும் சேர்ந்து அசைவதால் ஒன்றுக்கொன்று கோணம் மாறுவதில்லை.

நானும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கட்டைக்குப் பேசி வைத்தாயிற்று. இரண்டு அச்சுகள் ஒரே அதிர்வெண்ணில் ஆடினால் அடித்தட்டு கோனிங் (அச்சு கூம்பு வரைவதுபோல்) ஆட ஆரம்பித்து, இல்லாத சுழற்சியை மூன்றாம் அச்சில் காட்டும். ஆகவே அடுத்த சக்கரத்தின் ரீட்களைக் கொஞ்சம் தடிமனாக்கி 430 பக்கம் கொண்டுபோக உத்தேசம். வரைபடம் வயர்கட்காரரிடம் போய்விட்டது. முதல் கட்டையின் இரைச்சல் அளவை இன்னும் சரியாக அமைத்து முடிக்கவில்லை. ஆலன் விலகல் வரைபடம் (சராசரி எடுக்கும் நேரத்தோடு இரைச்சல் எப்படி மாறுகிறது என்று காட்டுவது) எடுக்க ஒரு முழு இரவு ஓடவிட வேண்டும், அதற்குள் வெப்பநிலையைப் பதிவு செய்ய ஒரு சென்சாரை அடித்தட்டில் ஒட்டியாக வேண்டும்.